கஜேந்திர வரதனும் கேழ்வரகுக் கொல்லையும்

கருட ஸேவை நடைபெறும் திருக்கோயில்களில் கஜேந்திர மோக்ஷ வரலாறு சொல்லப்படாமல் போவதில்லை. மடுவில் முதலையின் வாயிற்பட்ட யானை, தன் பலம் முழுவதும் ஓய்ந்த பின்னர் 'ஆதிமூலமே' என்று கூவியழைத்தது. அந்தக் குரல் செவியிற்பட்ட கணத்திலேயே எம்பெருமான் பெரிய திருவடியின்மேல் ஏறி விரைந்து வந்தான். ஸ்ரீபராசர பட்டர் தம்முடைய ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் எம்பெருமானுக்கு வணக்கம் சொன்னதோடு அமையாமல், அவனுடைய அந்த விரைவுக்கே தனியாக ஒரு வணக்கம் செலுத்தியிருக்கிறார். பாபநாசத்தை அடுத்த கபிஸ்தலமாகிய திருக்கவித்தலத்தில் அவனுக்குக் கஜேந்திர வரதன் என்பதே திருநாமம். கச்சியில் வரதன் எழுந்தருளியிருக்கும் இடத்துக்கு அத்திகிரி, அதாவது யானைமலை, என்று பெயர். வைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் யானைக்கு அமைந்துள்ள ஏற்றம் வேறெந்த விலங்குக்கும் எளிதில் வாய்த்ததன்று.

இந்தக் கதையைக் கண்ணீர் மல்கக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பக்தர்களுக்குப் பல ஊர்களில் யானை என்பது கோபுரத்துச் சுதைச் சிற்பமாகவோ, திருவீதியில் முன்செல்லும் கோயில் யானையாகவோ மட்டுமே இருக்கும். கெலமங்கலத்தார்க்கு அவ்வாறன்று. ஐப்பசியும் கார்த்திகையும் பிறந்துவிட்டால் யானை அவர்களுடைய கொல்லைக்குள்ளேயே வந்து நிற்கும். காதால் கேட்ட கஜேந்திரனைக் கண்ணால் கண்ட இரவில் என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஊரில் வேதாந்தக் கேள்வியாகவும் வயிற்றுக் கேள்வியாகவும் ஒருங்கே எழுகின்றது. வேதாந்தம் படிப்பது எதற்கு, அது அன்றாட வாழ்வில் எங்கே வந்து கைகொடுக்கிறது என்று வினவுவார்க்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உரைகல் கிடைப்பது அரிது.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை என்ற மூன்று ஊர்களுக்கும் இடையே அமைந்த கெலமங்கலம், கருநாடக எல்லையை ஒட்டிய பீடபூமியைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர் இது. இங்கே விளையும் கேழ்வரகை ராகி என்றே எல்லாரும் சொல்லுவர். அதே மாவுருண்டை தமிழ்வீட்டில் களியாகவும், கன்னட வீட்டில் முத்தெயாகவும், தெலுங்கு வீட்டில் சங்கடியாகவும் பெயர் மாறிப் பரிமாறப்படும். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஆலைகள் பெருகின. அண்மை ஆண்டுகளில் கெலமங்கலத்தின் சுற்றுப்புறத்துக்கும் பெரிய தொழிற்சாலைகள் வந்துவிட்டன. தந்தை கேழ்வரகு விதைக்கிறார், மகன் இரவு ஷிப்டுக்குப் போகிறான், மகள் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள் என்பது இன்று பல குடும்பங்களின் நிலை.

இதே நிலத்தின் வழியாகத்தான் யானைகளின் பழைய தடமும் செல்கின்றது. கருநாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து புறப்படும் கூட்டங்கள் தளி, ஜவளகிரிப் பக்கமாக வந்து, தேன்கனிக்கோட்டை, நொகனூர்க் காடுகளைக் கடந்து, ஓசூர் இராயக்கோட்டைச் சாலையிலுள்ள சானமாவுக் காடு வரையில் ஆண்டுதோறும் வருகின்றன. அவை வரும் காலமும் கேழ்வரகு பால்பிடித்துக் கதிர்முற்றும் காலமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோவுக்குக் குறையாமல் தீனி தின்னும். காட்டில் பகல் முழுதும் நடந்து ஒடித்துத் தின்ன வேண்டியதைக் கொல்லையில் சில நாழிகைகளில் தின்றுவிடலாம் என்பதை அது அறியும். தின்பதைக் காட்டிலும் மிதிபட்டு அழிவது மிகுதி. உழுது, விதைத்து, களையெடுத்து, அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரே இரவில் ஓர் ஏக்கர் தரையோடு தரையாகிவிடுகிறது. இதைக் கண்டறியாதவர்கள் காட்டுயிரைப் பற்றிப் பேசும் பேச்சு இனிமையாக இருக்கலாம். ஆயினும் அது பாதிப் பேச்சேயாகும்.

மற்றப் பாதி அதைவிடக் கொடியது. இராயக்கோட்டைக்குத் தெற்கே, தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில், 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7ஆம் நாள் மூன்று பெண் யானைகள் ஒரு விளைநிலத்தில் இறந்து கிடந்தன. காட்டு விலங்குகளைத் தடுப்பதற்காகச் சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்த வேலியில் அவை சிக்கின. உடன்வந்த இரண்டு குட்டிகள் உயிர்தப்பித் தாயர்களின் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதற்கு ஐந்து நாள் கழித்து, மார்ச்சு 12 அன்று, அமெரிக்காவில் 'தி எலிபெண்ட் விஸ்பெரர்ஸ்' என்ற ஆவணப் படத்துக்கு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் பொம்மன், பெள்ளி என்ற தம்பதியர் தாயற்ற யானைக் குட்டிகளை வளர்த்த செய்தியைச் சொல்லும் படம் அது. அதில் உலகம் கண்டு உருகிய ரகு என்ற குட்டி முதுமலையில் பிறந்ததன்று. 2017ஆம் ஆண்டில் தேன்கனிக்கோட்டைப் பகுதியில் தாயை இழந்து, அங்கிருந்து தெப்பக்காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் தாயும் மின்சாரம் தாக்கியே இறந்தது. விருது கிடைத்த செய்தியும் மாரண்டஅள்ளிச் செய்தியும் ஒரே வாரத்துச் செய்தித்தாள்களில் வந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

2024ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் நஞ்சு, வேட்டை, இரயில், மின்சாரம் ஆகியவற்றால் இந்தியாவில் இறந்த யானைகள் 528. அவற்றுள் மின்சாரத்தால் மட்டும் இறந்தவை 392. அதே காலத்தையொட்டிய ஐந்து ஆண்டுகளில் யானைகளால் உயிரிழந்த மனிதர்கள் 2,853 பேர். முதல் எண்ணை மட்டும் சொல்லுகிறவன் உழவனைக் கொலையாளி என்பான். இரண்டாம் எண்ணை மட்டும் சொல்லுகிறவன் யானையைக் கொலையாளி என்பான். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிவு உள்ளவனுக்கே அடுத்து வரும் சாஸ்திர விசாரம் பயன்படும்.

பகவத்கீதை 5ஆம் அத்தியாயத்து 18ஆம் சுலோகத்தில், கல்வியும் அடக்கமும் உடைய அந்தணன், பசு, யானை, நாய், நாயைத் தின்பவன் ஆகிய எல்லாரிடத்தும் ஞானிகள் ஸமமான பார்வை உடையவர்கள் என்று கண்ணன் அருளிச்செய்தான். யானை அங்கே பெயர் சொல்லியே எடுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சுலோகத்தைக் கொண்டு, 'எல்லாம் ஒன்றே. வேற்றுமை பொய்' என்று விரைந்து முடிவு கட்டுவோர் உண்டு. எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் அவ்வாறு கொள்ளவில்லை. ஞான ஸ்வரூபமான ஆத்மா எங்கும் ஒரே தன்மையது. காணப்படும் ஏற்றத்தாழ்வுகள் ப்ரக்ருதியால் ஆன உடம்பைச் சார்ந்தவை என்பது அவர் காட்டிய வழி. உடம்பின் வேற்றுமையை அவர் பொய் என்று தள்ளவில்லை என்பதை ஊன்றி நோக்கவேண்டும். யானையின் உடம்புக்கு 150 கிலோ தீனி வேண்டும் என்பது மெய். உழவனின் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் ராகி வேண்டும் என்பதும் மெய். ஆத்மா ஸமம் என்பதனால் இந்த இரண்டு பசிகளும் கணக்கிலிருந்து மறைந்துவிடமாட்டா. மாறாக, இரண்டுக்கும் விடை சொல்லியாக வேண்டிய கடமை அதிகமாகின்றது.

ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பதற்கு எம்பெருமானார் வகுத்த இலக்கணம் இங்கே பெரிதும் உதவுகின்றது. ஒரு சேதனனால் தாங்கப்பட்டும், நியமிக்கப்பட்டும், அவனுடைய பயனுக்காகவே இருந்தும் வருகிற பொருள் அவனுக்குச் சரீரம். இந்த இலக்கணப்படி உலகமெல்லாம் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. ப்ருஹதாரண்யக உபநிஷத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் இதற்கு அடிப்படை. பாடமாக ஓதும்போது இது எளிதாகத் தோன்றும். கெலமங்கலத்துக் கொல்லைக்கு வந்து ஓதிப் பார்த்தால் அதன் கனம் தெரியும். அங்கே கதிரைப் பறிக்கும் யானையும் அவனுடைய சரீரம். பரண்மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டு கண்விழித்திருக்கும் உழவனும் அவனுடைய சரீரம். ஓர் உடம்பின் இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று பகைத்தால் அந்த நோவு யாருக்கு? காலில் முள் தைத்தால் கண் தேடுகிறது, கை எடுக்கிறது, முதுகு வளைந்து கொடுக்கிறது. கால்தானே நடந்து போய்க் குத்திக்கொண்டது, காலே பார்த்துக்கொள்ளட்டும் என்று கை சும்மா இருப்பதில்லை. கெலமங்கலத்தில் இன்று நடப்பதோ, யானையும் உழவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று மற்ற உறுப்புகள் எல்லாம் கைகட்டி நிற்பதாகும்.

இந்த இடத்தில், 'யானை இறந்தது அதன் கர்மம். பயிர் அழிந்தது உழவனின் கர்மம்' என்று சொல்லி விலகிக்கொள்ளும் ஒருவகை வேதாந்தம் வழங்கி வருகிறது. இது பேசுவோர்க்கு மிகவும் வசதியான வேதாந்தம். மேல்நாட்டிலிருந்து வந்து பட்டர் திருவடியில் ஒதுங்கிய நஞ்சீயர் சொன்னதாகப் பூர்வர்கள் எடுத்துக்காட்டும் ஒரு வார்த்தை இதற்கு நேரே விடையாக இருக்கிறது. ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை, அவனே அறியலாம் என்பது அதன் கருத்து. பிறருடைய துன்பத்தைக் கண்டபோது ஐயோ என்று நெஞ்சு இரங்கினால் உண்டு. இவனுக்கு இது வேண்டும் என்று இருந்தால் இல்லை. கர்மம் என்ற சொல்லைத் தன் வினைக்குப் பொறுப்பேற்கப் பயன்படுத்துவது சாஸ்திரம். பிறன் துயரத்துக்குத் தாழ்ப்பாள் போடப் பயன்படுத்துவது சாஸ்திரத்தின் பெயரால் செய்யும் சோம்பல்.

சரணாகதி என்ற ஒரு சொல்லே கஜேந்திர வரலாற்றின் சாரம் என்பர். அந்தச் சரணாகதியைப் பற்றிய நூல்களில் முதன்முதலாக எண்ணப்படுபவை ஆநுகூல்ய ஸங்கல்பமும் ப்ராதிகூல்ய வர்ஜநமும் ஆகும். ஸ்ரீவேதாந்த தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் அங்கங்களைப் பிரித்துரைக்கும் பகுதியில் இவற்றை விளக்குகிறார். இவை சரணாகதிக்கு அங்கங்களா, சரணாகதி பண்ணினவனிடத்தில் தாமே விளையும் தன்மைகளா என்பதில் கலைபேதத்தை ஒட்டிய வாதம் உண்டு. அந்த வாதத்தை வித்வத் ஸதஸ்ஸுக்கு விட்டுவிடலாம். எந்தக் கலையாராயினும், சரணமடைந்தவனிடத்தில் இவ்விரண்டும் இருக்கவேண்டும் என்பதில் வேற்றுமை இல்லை. எம்பெருமானுக்கு உகப்பானதையே செய்வேன் என்ற உறுதி முதலாவது. அவனுக்கு உகவாததைத் தவிர்வேன் என்பது இரண்டாவது. எல்லா உயிர்களுக்குள்ளும் அவன் உறைவதனால், ஆநுகூல்யம் என்பது எல்லா உயிர்களிடத்தும் இசைவாக நடப்பதேயாகும் என்று லக்ஷ்மீ தந்த்ரம் இதை விரிக்கிறது.

ஆகவே, மின்வேலி என்பது மின்வாரியத்துக்கும் வனத்துறைக்கும் மட்டும் உரிய வழக்கன்று. சரணாகதி ஸம்பந்தமான கேள்வியும் ஆகும். வேலிகளுள் இரண்டு வகை உண்டு. வீட்டுக்கோ பம்புசெட்டுக்கோ வரும் 230 வோல்ட் மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்துவிடுவது ஒருவகை. இது இடைவிடாமல் பாய்வது. ஈரமான துதிக்கை பட்டவுடன் தசைகள் இறுகி, விலக முடியாமல் விலங்கு அங்கேயே இறக்கிறது. இரவில் வழிதவறி வந்த மனிதனும் இதே முறையில் இறக்கிறான். வேலி கட்டியவனே விடியற்காலையில் மறதியாகத் தொட்டு மாண்ட செய்திகளும் வந்ததுண்டு. மற்றொன்று சூரிய ஒளியால் இயங்கும் வேலி. சிறிய மின்கலத்திலிருந்து ஒரு கருவி சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே இருக்கும். பிறகு ஏறக்குறைய ஒரு விநாடி ஓய்வு. பட்ட விலங்குக்குச் சுரீரென்ற வலி உண்டாகும். அந்த ஓய்வு நேரத்தில் அது பின்வாங்கிப் பிழைத்துவிடும். எண்ணிப் பார்த்தால், இரண்டு வேலிகளுக்கும் இடையே தர்மமாகவும் அதர்மமாகவும் நிற்பது அந்த ஒரு விநாடி இடைவெளிதான். தன் உடைமையைக் காப்பது குற்றமன்று. வந்தவன் திரும்பிப்போக இடம் கொடாமல் காப்பதே ப்ராதிகூல்யம்.

ஆனால் இதை உழவனிடம் சொல்லுவதற்கு முன்னால் சொல்லுகிறவன் ஒன்றை நினைக்கவேண்டும். சூரிய வேலிக்குப் பணம் வேண்டும். அதைக் கட்டிய பிறகும் புல் படர்ந்தால் மின்துடிப்பு தரையிறங்கிவிடும். வாரந்தோறும் அடியில் செதுக்கவேண்டும். யானையோ நுண்ணறிவுடையது, மின்சாரம் பாயாத தந்தத்தால் கம்பியை அறுக்கவும், மரத்தைத் தள்ளி வேலியைச் சாய்க்கவும் கற்றுக்கொள்ளுகிறது. பம்புசெட்டுக் கம்பியை நீட்டுவதற்கு அரை மணி நேரமும் சில முழக் கம்பியும் போதும். கடன்பட்டு விதைத்தவன், மூன்று இரவு உறங்காதவன், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதை நாடுவான்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யானையைக் கொல்வது கடுங்குற்றம் என்பதை அவன் அறிவான். அச்சத்தால் மட்டும் மனிதர் திருந்துவதாயின் சிறைச்சாலைகள் காலியாக இருக்கும்.

கஜேந்திர கதையைச் சொல்லும்போது, 'இன்றைய முதலை யார்' என்று கேட்டு, மின்வேலி கட்டிய உழவனைச் சுட்டிக்காட்டுவது எளிது. கதை அதற்கு இடந்தரவில்லை. ஸ்ரீமத் பாகவதம் 8ஆம் ஸ்கந்தத்தில், எம்பெருமான் யானையை மட்டும் கரையேற்றினான் என்று இல்லை. காலைப் பற்றியிருந்த முதலையையும் சேர்த்தே மடுவிலிருந்து எடுத்தான். பின்னரே திருவாழியால் முதலையின் வாயைப் பிளந்தான். அந்த முதலை ஹூஹூ என்ற கந்தர்வன். தேவல முனிவரின் சாபத்தால் அவ்வுரு அடைந்திருந்தான். அவனும் சாபம் நீங்கித் தன் உலகம் சென்றான். யானையோ முன்பிறப்பில் இந்த்ரத்யும்நன் என்ற பாண்டிய மன்னன். இருவரும் சாபத்தால் பிணிக்கப்பட்டவர்கள், இருவரும் விடுபட்டார்கள். கெலமங்கலத்து உழவனும் கடன் என்ற முதலையால் காலைப் பற்றப்பட்டவனே. யானையைக் கரையேற்றி அவனை மடுவிலேயே விட்டுவருகிற ஏற்பாடு எதுவாயினும் அது கஜேந்திர மோக்ஷம் ஆகாது.

இதைவிடக் கூர்மையான பாடம் ஸ்ரீராமாயணத்தில் இருக்கிறது. விபீஷணன் சரணமாக வந்தபோது அவனை ஏற்கலாகாது என்று ஸுக்ரீவன் வாதிட்டான். அப்போது பெருமாள் ஒரு புறாவின் கதையை நினைவூட்டினார். தன் பேடையைப் பிடித்த வேடன் மழையிலும் குளிரிலும் வாடித் தன் மரத்தடிக்கு வந்தபோது, அந்தப் புறா அவனை விருந்தினனாகக் கருதி, தீ மூட்டி, அந்தத் தீயில் தானே விழுந்து தன் ஊனையே அவனுக்கு உணவாக்கிற்று. பகைவனாயினும் அடைந்தவனைக் காக்கவேண்டும் என்பதற்கு இது மேற்கோள். உபந்யாஸங்களில் புறாவின் கருணை வியக்கப்படும், வியக்கத்தக்கதே. ஆயினும் அதில் அடங்கிய ஒரு நுட்பம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. புறா தன்னுடைய உடம்பைக் கொடுத்தது. பக்கத்துக் கூட்டுப் புறாவைப் பிடித்துத் தீயில் போட்டிருந்தால் வேடனின் பசி தீர்ந்திருக்கும். ஆனால் அது தர்மக் கதையாக இராது.

யானையைக் காக்கவேண்டும் என்று நகரத்தில் அமர்ந்து விரும்புகிறவர்கள், இந்த நாட்டின் பாரம்பரிய விலங்கு என்று 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்து மகிழ்கிறவர்கள், கருட ஸேவையில் கஜேந்திரனுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், இவர்கள் எல்லாரும் யானைக்கு அளிக்கும் விருந்து யாருடைய கொல்லையிலிருந்து செல்லுகிறது? காட்டோரத்து இரண்டு ஏக்கர் மானாவாரி ராகிக்காரனுடைய கொல்லையிலிருந்து செல்லுகிறது. பிறன் பொருளைத் தானம் செய்து புண்ணியத்தைத் தான் கொள்ள எந்த ஸ்ம்ருதியும் இடந்தரவில்லை. காக்கவேண்டும் என்று விரும்புகிறவன் காக்கும் செலவில் பங்கு கொள்ளவேண்டும். இதுவே இந்தக் காலத்துச் சரணாகதர்களுக்கு எஞ்சியிருக்கும் விசாரம்.

அந்தப் பங்கு எவ்வெவ்வாறு அமையலாம் என்பதை இடத்துக்கேற்ப எண்ணவேண்டும். அரசு தன் அளவில் சிலவற்றைச் செய்திருக்கிறது: 2014ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைக் கொண்டு காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022ஆம் ஆண்டில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அமைக்கப்பட்டன. சரணாலயம் என்ற சொல்லே சரணாகதியோடு பிறந்த சொல். காட்டுக்கு எல்லை வகுத்தாயிற்று. யானையின் கால் அந்த எல்லைக்கல்லைப் படிக்க அறியாது. பயிரிழப்புக்கு ஈட்டுத்தொகை வழங்கும் முறையும் உண்டு. ஆனால் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்து உழுகிறவனிடம் தன் பெயரில் பட்டா இராது. அழிந்தது அவன் உழைப்பு, கையெழுத்து நிலக்காரனுடையது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தொழிலாளி ஒருவன், ஓய்வு நாளில் அவனோடு கிராம நிருவாக அலுவலரிடம் சென்று, அழிந்த பயிரைப் படமெடுத்து, மனுவை எழுதிக் கொடுத்தால் அதுவும் கைங்கர்யமே. மாலை சாத்துவதும் விளக்கேற்றுவதும் மட்டுமே கைங்கர்யம் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

ஷிப்டு முடிந்து இருசக்கர வண்டியில் சானமாவுச் சாலையில் திரும்புகிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு. யானை சாலையைக் கடக்கக் காணும்போது விளக்கைப் பாய்ச்சுவதும், கூச்சலிடுவதும், கைப்பேசியில் படமெடுக்க நெருங்குவதும் அந்த யானையை அடுத்த கொல்லைக்குள் மிரட்டி ஓட்டுவதாகும். அவன் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். மிரண்ட யானை யார் பரணுக்குக் கீழே போய் நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாது. கால்மணி நேரம் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதற்கு மேல் அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஆலைகளை நடத்துவோரின் பங்கு இதைவிடப் பெரிது. நீலகிரி மாவட்டத்துச் சீகூர்ப் பீடபூமியில் யானைத் தடத்தைக் காக்கத் தமிழக அரசு 2010இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று உறுதிசெய்தது. தடம் அடைபட்டால் யானை மறைந்துவிடுவதில்லை, சுற்றிக்கொண்டு வருகிறது. மதில் எழுப்பியவன் பாதுகாப்பாக இருக்கிறான். மதில் எழுப்ப வழியில்லாதவன் கொல்லையில் யானை நிற்கிறது. ஆலை கட்டுமுன் நிலத்தின் விலையைக் கணக்கிடுகிறவர்கள் இந்தச் செலவையும் யாரோ ஏற்கிறார் என்பதைக் கணக்கிற் கொள்ளுதல் முறை.

உழவர்களும் தம்மளவில் மாறாமல் இல்லை. காட்டோரத்தில் ராகியை விட்டு வேறு பயிர் வைப்போர் உண்டு. ஊர் கூடி முறைவைத்துக் காவலிருப்போர் உண்டு. ராகியை விட்டுவிடு என்று சொல்வது எளிதானாலும், மழையை நம்பிய மேட்டு நிலத்தில் ராகியைப் போல் உதவும் பயிர் வேறு ஏது என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும்.

தேன்கனிக்கோட்டையில் எழுந்தருளியுள்ள பெருமாளுக்குப் பேட்டராயன் என்று திருநாமம். கன்னடத்தில் பேட்டெ என்றால் வேட்டை. வேட்டைக்காரனாக வந்த பெருமாளின் ஸந்நிதிக்கும், வேட்டை தவிர்க்கப்பட்ட சரணாலயத்துக்கும் இடையே வாழ்கிறவர்கள் இந்த வட்டாரத்தார். வேடன் என்றால் இரக்கமற்றவன் என்று பட்டர் கருதவில்லை. ஒரு வேடன் முயற்குட்டியைப் பிடித்துச் செல்ல, தாய்முயல் பின்தொடர்ந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. அவன் மனமிரங்கிக் குட்டியை விட்டுவிட்டான். இதை அந்த வேடன் வாயாலேயே கேட்டுப் பட்டர் மோஹித்தார் என்று பூர்வர்கள் எடுத்துரைப்பர். சரணாகதி சாஸ்திரம் ஒன்றையும் அறியாத வேடனே இப்படி இரங்கினால், ஸர்வேச்வரன் என்ன செய்யமாட்டான் என்பது பட்டருடைய எண்ணம். இந்த எல்லைப்புறத்து உழவர்களிலும் அவ்வேடனைப் போன்றோர் பலர் இருக்கின்றனர். 'பெரியவர் வந்துவிட்டார்' என்று யானையை மரியாதைப் பெயரால் குறித்து, விளக்கைக் குறைத்து, தின்றது போக எஞ்சியதை அறுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பொறுமையையே ஒரு தீர்வாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிடுவது நேர்மையன்று.

கடைசியாகத் திருக்கோயில்களின் பங்கையும் பேசாமல் விடுவதற்கில்லை. காட்டோரத்து ஊர்களில் பெருமாளுக்கு மானியமாக விடப்பட்ட நிலங்கள் உண்டு. அவற்றைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்களும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் குத்தகையைத் தள்ளிக்கொடுப்பது பழைய வழக்கம். யானை அழித்த ஆண்டுக்கும் அந்த வழக்கம் பொருந்தாதா? எந்தப் பெருமாளின் பெயரால் கஜேந்திர வரலாறு வாசிக்கப்படுகிறதோ, அந்தப் பெருமாளின் நிலத்தில் கதிரிழந்தவனிடம் முழுக் குத்தகையையும் கேட்டு வாங்கினால், புறாவின் கதையில் பக்கத்துக் கூட்டுப் புறாவைத் தீயிலிட்டது போலாகும். நிலத்தின் பரப்பு சிறிது. தள்ளிக்கொடுக்கும் தொகையும் திருவிழாவில் ஒரு வேளை வாணவேடிக்கைக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது. அந்த வாணவேடிக்கையின் ஓசையும் காட்டோரத்தில் யானைகளைக் கலைத்து ஊருக்குள் திருப்பக்கூடியது என்பதை இடையே குறித்துக்கொள்ளலாம்.

தை மாதம் பிறந்து கதிர் களத்துக்கு வந்து, போர் அடித்து, மாட்டுக்கு வைக்கோல் ஏறிய பின்னர், கூட்டங்கள் மீண்டும் ஜவளகிரி வழியாகப் பன்னேர்கட்டா நோக்கித் திரும்பத் தொடங்கும். பரண்கள் பிரிக்கப்படும். குத்தகைக் கணக்கோ பசலி முடியும் ஆனி மாதத்தில்தான் பார்க்கப்படும். இடையில் ஐந்து மாதம் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எந்தெந்த நிலத்தில் யானை இறங்கிற்று என்பதை எழுதிவைக்க அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்குவது தர்மகர்த்தாக்களுக்கு அரிய காரியமன்று.